துடைப்பமும் பாஸ்போர்ட்டும்: ஸ்பெயினுக்குப் போன ஜார்க்கண்ட் சிறுமிகள்

2013 ஜூலையில் ராஞ்சியை ஒட்டிய கிராமங்களிலிருந்து 18 சிறுமிகள் கால்பந்து ஆட ஸ்பெயினுக்குப் போய்வந்தார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள். டொனோஸ்தி கோப்பை, காஸ்தெய்ஸ் கோப்பை என்று இரண்டு இளையோர் போட்டிகளில் ஆடினார்கள். காஸ்தெய்ஸில் மூன்றாமிடம். சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலை கட்டி, கைகோத்து அவர்கள் ஆடிய ஆட்டத்தை ஸ்பெயினின் வடக்கே உள்ள பாஸ்க் நாட்டுக்காரர்கள் நின்று பார்த்தார்கள். திரும்பி வந்தபோது இந்தியப் பத்திரிகைகளில் படம் வந்தது. செய்தி அவ்வளவுதான்.

பள்ளிப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு விளையாட அழைத்துப் போவது இப்போது நம் ஊர்களில் ஒரு தனி வியாபாரம். பத்து நாள், நாலு மேட்ச், பெரிய கிளப்பின் ஸ்டேடியத்தை ஒரு சுற்று, கடைசி நாள் ஷாப்பிங், தலைக்கு இவ்வளவு என்று பேக்கேஜ் போட்டு விற்கிறார்கள். அந்தப் பட்டியலில் பாஸ்போர்ட் என்பது அப்பா ஒருநாள் லீவு போட்டு முடித்துவிடும் வேலை. இந்த 18 பேருக்கும் அது அப்படி இல்லை. அவர்கள் ஆடிய ஆட்டங்களிலேயே கடினமானது ஸ்பெயினில் நடக்கவில்லை, சொந்த ஊர்ப் பஞ்சாயத்து ஆபீசில் நடந்தது. அதனால் இந்தப் பயணத்தை அங்கிருந்தே பார்க்கத் தொடங்குகிறேன்.

மேசைக்கு இந்தப் பக்கம்

அணியில் இருந்த ஒரு பெண் பின்னாளில் மேடைகளில் சொன்னது இது. பிறப்புச் சான்றிதழ் கேட்டுப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனாள். கன்னத்தில் அறை விழுந்தது. தரையைப் பெருக்கச் சொன்னார்கள். பெருக்கினாள். சான்றிதழ் வேண்டுமென்றால் பணம் எடு என்று சிலரிடம் கேட்டார்கள்.

அந்தக் காட்சியை ஒரு நிமிடம் அப்படியே வைத்துக்கொள்வோம். வந்தவள் தன் ஊர்ப் பெயரை வெளிநாட்டில் சொல்லப் போகிற ஆட்டக்காரி. மேசைக்குப் பின்னால் இருந்தவருக்குத் தெரிந்ததோ வேறு: ஒரு கூலிக்காரர் வீட்டுப் பெண், அவளாகவே வந்து ஆபீஸ் காகிதம் கேட்கிறாள். இப்படியொரு பெண்ணுக்கு அந்த அறையில் என்ன வேலை இருக்க முடியும் என்று அவர் மனதில் ஏற்கெனவே ஒரு முடிவு இருந்தது. அதனால்தான் துடைப்பம்.

அந்த ஆள் கெட்டவர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். பெரும்பாலான செய்திகள் அப்படித்தான் நகர்ந்தன. எனக்குத் தோன்றும் கேள்வி வேறு. பதின்மூன்று வயதுப் பெண் தான் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டு ஒருவர் முன்னால் போய் நிற்கும் நிலை எப்படி வந்தது?

முதல் காரணம் பாஸ்போர்ட் விதி. 1989 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கு ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழை மட்டுமே ஏற்பார்கள் என்பதுதான் அப்போது நடைமுறை. பள்ளியில் தரும் டி.சி. செல்லாது, ரேஷன் கார்டு செல்லாது. நகரத்து வீடுகளில் இது ஒரு பொருட்டே இல்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறக்கிறது, அங்கேயே பதிவாகிறது, லேமினேட் செய்து பீரோவில் வைத்துவிடுகிறோம்.

இந்தப் பிள்ளைகள் பிறந்தது 1999, 2000 வாக்கில். ஜார்க்கண்ட் என்ற மாநிலமே 2000 நவம்பர் 15 அன்றுதான் பீகாரிலிருந்து பிரிந்து உருவானது. அதாவது அணியில் பலர் தங்கள் மாநிலத்தைவிட மூத்தவர்கள். பிரசவம் பெரும்பாலும் வீட்டில், ஊர் மருத்துவச்சி கையில். 2005-06-ல் எடுத்த மூன்றாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஜார்க்கண்டில் மருத்துவமனையில் நடந்த பிரசவங்கள் நூற்றுக்கு 18 மட்டுமே. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பிறப்பு பதிவானவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. இந்தப் பெண்கள் பிறந்தது அதற்கும் ஐந்தாறு வருஷம் முன்னால்.

சரி, இப்போது பதிந்துகொள்ளலாமே என்றால், அங்கே நிற்கிறது 1969-ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். பிள்ளை பிறந்த 21 நாளுக்குள் சொன்னால் காசில்லை. முப்பது நாள்வரை தாமதக் கட்டணம். ஒரு வருஷம்வரை மேலதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதியும் பிரமாணப் பத்திரமும். ஒரு வருஷம் தாண்டிவிட்டால் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் ஆணை வேண்டும் என்பதுதான் அன்றைய 13-ஆவது பிரிவு. படிக்கத் தெரியாத தாய் தகப்பன், பதின்மூன்று வருஷத் தாமதம், கோர்ட்டு வாசல். இந்தப் பாதையில் ஒவ்வொரு வளைவிலும் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். போட மாட்டேன் என்று சொல்ல அவருக்குக் காரணமே தேவையில்லை. நாளைக்கு வா என்றால் போதும்.

இதில் இன்னொன்றும் சேரும். ஜார்க்கண்டில் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்ததே 2010 கடைசியில்தான். அதற்கு முந்தைய தேர்தல் 1978-ல், பீகாராக இருந்தபோது. 32 வருஷம் அங்கே பஞ்சாயத்துத் தேர்தலே கிடையாது. காகிதம் எல்லாம் ஊழியர் கையில். இந்தச் சிறுமிகள் சான்றிதழ் கேட்டுப் போனபோது தேர்ந்தெடுத்த பஞ்சாயத்துக்கு வயது மூன்றுகூட ஆகவில்லை. முப்பது வருஷம் யாருக்கும் பதில் சொல்லாமல் இருந்த மேசை திடீரென்று பணிவு கற்றுக்கொள்ளாது.

பிறகு போலீஸ் விசாரணை, ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா, மைனர் என்பதால் பெற்றோர் சம்மதக் கடிதம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. இதெல்லாம் எல்லா அணிக்கும் உள்ளதுதான், கூட வருபவர்கள் பார்த்துக்கொள்ளலாம். பிறப்புச் சான்றிதழை மட்டும் அந்தந்தக் குடும்பம்தான் வாங்க வேண்டும். அங்கே எந்தக் கோச்சும் உள்ளே புகுந்து ஆட முடியாது.

தேதி என்ற ஆயுதம்

இந்த விஷயத்தில் பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டுக்காக வாங்கிய அந்தக் காகிதத்துக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது.

முன்னே சொன்ன அதே 2005-06 கணக்கெடுப்பில், ஜார்க்கண்டில் 20 முதல் 24 வயதுவரை உள்ள பெண்களில் 63 விழுக்காட்டினர் பதினெட்டு வயதுக்கு முன்பே கல்யாணம் ஆனவர்கள். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006-ல் வந்தது. பெண்ணுக்குப் பதினெட்டு என்று அது தெளிவாகச் சொல்கிறது. ஆனால் பிறந்த தேதியே எழுதப்படாத ஒரு வீட்டில் பதினெட்டு எப்போது வருகிறது என்று யார் சொல்வது? 'பொண்ணு வளர்ந்துட்டா' என்று அத்தை சொன்னால் வளர்ந்துவிட்டாள். அம்மாவுக்கு நினைவிருப்பது அந்த வருஷம் மழை பொய்த்ததோ, மாடு செத்ததோதான்.

கால்பந்துக்காகக் கேட்ட சான்றிதழ் முதல்முறையாக இந்த வீடுகளில் ஒரு தேதியைக் கொண்டுவந்து வைத்தது. அதற்கப்புறம் மாப்பிள்ளை வீட்டார் வந்தால் பெண்ணே எடுத்துக் காட்டலாம்: எனக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. போட்டி நடத்துகிறவர்கள் பதினான்கு வயதுக்குட்பட்டோர் பிரிவில் வயதைச் சோதிக்கப் பாஸ்போர்ட்டைக் கேட்கிறார்கள். அதே பாஸ்போர்ட் ஊரில் வேறொரு சோதனைக்குப் பதிலாகிறது. ஸ்பெயினில் கிடைத்த பதக்கத்தைவிட இந்தத் தேதி பெரிய சம்பாத்தியம் என்றுதான் நான் கருதுகிறேன். பதக்கத்தைப் பற்றி எழுதியவர்கள் அளவுக்கு இதைப் பற்றி யாரும் எழுதவில்லை.

பந்து எப்படி வந்தது

இந்த அணியின் பெயர் யுவா. ராஞ்சி மாவட்டத்தில் ஓர்மாஞ்சி பக்கம் ஹுட்டுப் என்ற கிராமத்தைச் சுற்றி வளர்ந்த அமைப்பு. தொடங்கி வைத்தவர் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துக்காரரான ஃபிரான்ஸ் காஸ்ட்லர். கால்பந்துக்காக அவர் அங்கே வரவில்லை. கிராமப்புறத் தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை, பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பாடம் முடிந்து பேசும்போது ஒரு சிறுமி, தனக்குக் கால்பந்து ஆட ஆசை என்றாள். அவளைக் கூட்டாளிகளைச் சேர்க்கச் சொன்னார். 2009-ல் அது அமைப்பானது.

ஜார்க்கண்டுக்காரர்களுக்கு விளையாட்டு புதிதில்லை. சிம்டேகா, குந்தி பக்கமெல்லாம் மூங்கில் மட்டையில் ஹாக்கி ஆடும் பெண்கள் தலைமுறையாக உண்டு. வில்வித்தையில் தீபிகா குமாரி ராஞ்சிக்காரர். ஆனால் அவர்களில் பலர் விளையாட்டு விடுதிகளுக்கோ அகாடமிகளுக்கோ போய் வளர்ந்தவர்கள். யுவாவின் பிள்ளைகள் வீட்டிலேயே இருந்தார்கள். விடிகாலையில் எழுந்து தண்ணீர் எடுத்து, மாட்டுக்குப் புல் அறுத்து, அடுப்பு வேலை முடித்துவிட்டுப் பந்துக்கு ஓடி வர வேண்டும். அரைக்கால் சட்டை போட்டுத் தெருவழியே நடந்தால் ஊர் பேசும். பேச்சு மட்டுமே வந்த நாள் நல்ல நாள்.

எனக்குப் பிடித்த ஏற்பாடு, ஷூவுக்கு அவர்களே பணம் சேர்க்க வேண்டும் என்று வைத்திருந்தது. முழுவதும் இல்லை, ஒரு பங்குதான், மீதியை அமைப்பு போடும். இலவசமாக ஷூ வாங்கிக் கொடுக்க நன்கொடையாளர்கள் கிடைக்காமல் போவார்களா என்ன? ஆனால் ஓசியில் வந்த ஷூ அண்ணன் காலுக்குப் போய்விடும். தன் காசு போட்டு வாங்கியதை அவள் விடமாட்டாள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்ற கணக்கையும் பிள்ளைகளே எழுதினார்கள். நாலு நாள் ஒருத்தி வரவில்லையென்றால் மற்றவர்கள் அவள் வீட்டுக்குப் போய்க் கேட்பார்கள். நிச்சயதார்த்தப் பேச்சு நடக்கிறதா என்ற துப்பு அப்படித்தான் முதலில் வெளியே வரும்.

பயணம் ஜூலையில் அமைந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ராஞ்சி இருக்கும் சோட்டா நாக்பூர் பகுதியில் ஜூலை என்றால் நடவு. முட்டளவு சேற்றில் குனிந்து நாற்று நடுவது அங்கேயும் பெண்கள் வேலைதான். அந்தப் பருவத்தில் வேலை செய்யத் தெரிந்த ஒரு பெண்ணை வீடு வெளியூருக்கு அனுப்புகிறது என்றால், அந்த வீடு கூலியில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கிறது என்று பொருள். விமான டிக்கெட்டின் விலை எல்லாச் செய்தியிலும் வரும். இந்த விலையை எந்தக் கணக்கிலும் பார்க்க முடியாது.

கடல் இருந்த ஊர்

சான் செபாஸ்தியன் என்று ஸ்பானியர் சொல்லும் ஊரைப் பாஸ்க் மக்கள் டொனோஸ்தியா என்பார்கள். போட்டியின் பெயர் அதிலிருந்து வந்தது. 1992 முதல் வருஷா வருஷம் ஜூலையில் நடக்கிறது, பல நாடுகளிலிருந்து நூற்றுக்கணக்கான அணிகள் வரும். பிஸ்கே வளைகுடா ஊருக்குள்ளேயே நுழைந்து பிறை மாதிரி வளைந்து கிடக்கிறது. அதுதான் கோன்சா கடற்கரை. நடுவில் சாந்தா கிளாரா என்று குட்டித் தீவு, இரண்டு பக்கமும் குன்று. ஜார்க்கண்டுக்குக் கடல் கிடையாது. பிள்ளைகள் அதுவரை பார்த்த பெரிய தண்ணீர் அணையாகவோ ஆறாகவோதான் இருந்திருக்கும்.

அந்தக் கடற்கரையில் அலை உள்வாங்கும் நேரத்தில் கெட்டிப்படும் மணலில் கோடு போட்டு, கோல் கம்பம் நட்டு, உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் கால்பந்து ஆடுவது பழைய வழக்கம். பின்னாளில் பெரிய ஆட்டக்காரர்களான ஸாபி அலோன்ஸோவும் மிக்கேல் ஆர்தெத்தாவும் சின்ன வயதில் அந்த மணலில்தான் ஒன்றாக ஆடினார்கள். இருவரும் ஆந்திகுவோகோ என்ற ஊர் இளையோர் கிளப்பின் தயாரிப்பு. 2013-ல் அலோன்ஸோ உலகக் கோப்பை வென்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஊர்க் கிளப்பான ரியல் சொசியெதாத் அந்த சீசனில்தான் லா லீகாவில் நாலாமிடம் பிடித்துச் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்குப் போயிருந்தது. ஊரே பந்து மயக்கத்தில் இருந்த கோடை. கல்லும் சாணியும் கிடக்கும் தரையில் பழகியவர்களுக்கு இப்படியோர் ஊரில் ஆடக் கிடைத்தது நல்ல பொருத்தம். ஆடு மேயும் மைதானத்திலிருந்து வந்தவர்கள் என்பதற்கு ஏற்ற மாதிரி இந்த அணிக்கு 'சூப்பர்கோட்ஸ்' என்று ஒரு செல்லப் பெயரும் உண்டு, வெள்ளாட்டைச் சொல்லும் பெயர்.

ஐரோப்பிய இளையோர் கோப்பைகளின் அமைப்பு நம் பள்ளிப் போட்டிகளிலிருந்து ஒரு முக்கியமான விஷயத்தில் மாறுபடும். இங்கே மாவட்டப் போட்டி என்றால் பெரும்பாலும் நாக்-அவுட். ஒரு மேட்ச் தோற்றால் மத்தியானமே பஸ் ஏறிவிட வேண்டும். விடிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டு வந்த அணி நாற்பது நிமிஷம் ஆடிவிட்டு வீடு திரும்பும். அங்கே முதலில் குழுச் சுற்று, எல்லாருக்கும் குறைந்தது மூன்று ஆட்டம். குழுவில் முன்னால் வந்தவர்கள் ஒரு கோப்பைக்கு ஆடுவார்கள், பின்தங்கியவர்களுக்கு வேறொரு கோப்பை இருக்கும். ஸ்வீடனில் 1975 முதல் நடக்கும் கோத்தியா கோப்பையிலும் இதே முறைதான். யாரும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அங்கே பல அணிகள் தங்குவதும் ஹோட்டலில் இல்லை, கோடை விடுமுறைக்குக் காலியாகக் கிடக்கும் பள்ளி வகுப்பறைகளில் படுக்கை விரித்துத்தான். கடல் தாண்டி வந்தவர்களைத் தோற்றவுடன் அனுப்பிவிடக் கூடாது என்ற எண்ணம் போட்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. நம் கல்வி மாவட்ட அளவில் இதைச் செய்ய ஐரோப்பியக் காசு தேவையில்லை. அட்டவணை போடுகிறவர் மனது வைத்தால் நடக்கும்.

காஸ்தெய்ஸ் கோப்பை நடந்தது விட்டோரியா-காஸ்தெய்ஸில். டொனோஸ்தியாவிலிருந்து நூறு கிலோமீட்டர் உள்ளே, மேட்டு நிலத்தில். பாஸ்க் தன்னாட்சிப் பகுதியின் தலைநகர். முந்தைய வருஷம்தான், 2012-ல், ஐரோப்பாவின் பசுமைத் தலைநகர் என்ற பட்டம் வாங்கியிருந்தது. இந்த ஊர்ப் போட்டி சிறியது. யுவா அணி ஆடிய பிரிவில் பத்து அணிகள், அதில் மூன்றாமிடம். 'ஸ்பெயினையே வென்று வந்த ஆதிவாசிப் பெண்கள்' என்ற ரீதியில் பின்னால் சிலர் ஊதிப் பெருக்கினார்கள். பத்தில் மூன்று என்பதே நல்ல விஷயம்தான், அதை ஊதத் தேவையில்லை. நாலு வருஷம் முன்னால் பந்தையே தொடாத பிள்ளைகள், நாலு வயதிலிருந்து கிளப்பில் ஆடுகிறவர்களோடு மோதி வாங்கிய மூன்று.

பாஸ்க் நாட்டில் தெருப் பலகைகளில் இரண்டு மொழி. ஒன்று ஸ்பானிஷ். இன்னொன்று எவுஸ்காரா, உலகில் வேறெந்த மொழியோடும் உறவு கண்டுபிடிக்கப்படாத மொழி. சர்வாதிகாரி பிராங்கோ காலத்தில் அதைப் பொது இடத்தில் பேசுவதற்கே தொல்லை இருந்தது, இன்று பள்ளியில் அதில் பாடம் நடக்கிறது. ராஞ்சி வட்டாரத்தில் இந்தியும் நாக்புரியும் தெருமொழி. வீட்டுக்குள் பழங்குடி மொழிகளான முண்டாரி, குடுக்கு. இந்தக் குடுக்கு நம் திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதைப் பேசும் ஓராவ் மக்கள் கண்ணை இன்றும் கிட்டத்தட்டக் கண் என்றே சொல்கிறார்கள். வீட்டு மொழியைப் பள்ளிக்கூடத்தில் பேசக் கூச்சப்படும் பிள்ளைகள் நிறைந்த வட்டாரம் அது. சின்ன மொழியைப் பலகையில் எழுதி வைத்திருக்கும் ஊருக்கு அங்கிருந்து ஓர் அணி போனது தற்செயல்தான். ஆனாலும் எனக்கு அதில் ஒரு திருப்தி.

சேலை ஆட்டத்துக்கும் இதில் இடமுண்டு. சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலை அந்தப் பகுதியில் சர்ஹுல் போன்ற விழாக்களுக்குக் கட்டுவது. தோளோடு தோள் சேர்த்து, கை பின்னி, ஒரே அடவில் முன்னும் பின்னும் போகும் ஆட்டம். வெளிநாட்டுக்காரருக்குக் காட்சிப்பொருள் ஆக்கிவிட்டார்களோ என்று முதலில் எனக்கும் உறுத்தியது. பிறகு யோசித்தேன். ஊரில் அரைக்கால் சட்டை போட்டதற்கு ஏச்சு வாங்கியவர்கள், ஸ்பெயினில் அதே சட்டையோடு ஆடிவிட்டு, அதே கையோடு சேலையும் கட்டிக்கொண்டார்கள். இது வேண்டுமானால் அது கூடாது என்று அங்கே அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. படத்தில் சிரிப்பு அசலாகத்தான் இருக்கிறது.

சுற்றிப் பார்ப்பது வீண் செலவு, அந்தக் காசில் நாலு பந்து வாங்கலாம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. இந்தப் பயணத்தை வைத்து நான் அதை ஏற்க மாட்டேன். ஆடுகிறவளுக்கு ஆட்டத்தில் கிடைப்பது ஸ்கோர். கடற்கரையில் தன் வயதுப் பெண் தனியாக சைக்கிளில் போவதையும், இரவு பத்து மணிவரை மங்காத வெளிச்சத்தில் அம்மாவும் பாட்டியும் மகளும் சதுக்கத்தில் உட்கார்ந்து பேசுவதையும், ஆண்பிள்ளை தட்டைக் கழுவுவதையும் மைதானத்துக்குள் இருந்தபடி பார்க்க முடியாது. ராஞ்சிக்குத் திரும்பிய பெண் ஒன்றைத் தெரிந்துகொண்டு வருகிறாள்: தன் ஊரில் நடப்பது உலக வழக்கம் இல்லை, அந்த ஊர் வழக்கம்.

திரும்பிய பிறகு

அறை வாங்கிய கதைதான் எங்கும் பரவியது. பத்திரிகையாளர், மேடை, மறுபடி மறுபடி அதே கேள்வி. ஒரு குழந்தையிடம் அவள் அடிபட்ட கதையைக் கைத்தட்டலுக்காகத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அவள் அந்த மேடையில் நின்று இங்கிலீஷில் சொன்னதால்தான் விஷயம் வெளியே தெரிந்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அடுத்த வருஷம், 2014-ல், யுவா அணி அமெரிக்காவில் மின்னசோட்டாவின் பிளெய்ன் நகரில் நடக்கும் யூஎஸ்ஏ கோப்பையில் ஆடியது. இரண்டாம் பயணம் எளிதாக இருந்ததற்குக் காரணம் சொல்லவே வேண்டியதில்லை. ஸ்பெயினுக்குப் போனவர்கள் கையில் இப்போது பாஸ்போர்ட் இருந்தது.

2015-ல் அமைப்பு பெண்களுக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கியது. பயணத்தை ஆராய்கிறபோது இதுதான் எனக்குப் பெரிய விளைவாகத் தெரிகிறது. நடத்தியவர்களுக்கே ஒன்று புரிந்திருக்க வேண்டும்: பந்து பிள்ளையை வீட்டுக்கு வெளியே கொண்டுவருகிறது, ஆனால் அரசுப் பள்ளியில் வாத்தியார் வராத வகுப்பில் அவளைப் போட்டுவிட்டால் பத்தாம் வகுப்பில் எல்லாம் நின்றுவிடும். 2019 பிப்ரவரியில் மொனாக்கோவில் யுவாவுக்கு விளையாட்டு உலகின் லாரியஸ் விருது கிடைத்தது. 2021-ல் இங்கே ஆடிப் படித்த ஒரு பெண்ணுக்கு ஹார்வர்டில் முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. பெற்றோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்.

இந்தியாவுக்கு ஆடும் வீராங்கனைகளை உருவாக்கியதா என்று கேட்டால், அது இந்த அமைப்பின் வேலையாக இருக்கவில்லை. 2022-ல் இந்தியாவில் நடந்த பதினேழு வயதுக்குட்பட்டோர் மகளிர் உலகக் கோப்பையில் நம் அணித் தலைவி அஸ்தம் ஓராவ் ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்துக்காரர், யுவாவின் வழி வந்தவர் இல்லை. அவர் பெயரில் ஊருக்கு ரோடு போட்டபோது அவருடைய அப்பாவும் அம்மாவும் அதே ரோட்டில் கூலி வேலை பார்த்தார்கள் என்ற செய்தி அப்போது பரவலாக வந்தது. துடைப்பத்துக்கு அடுத்த அத்தியாயம் அது.

பயணத்தின் பலவீனம் என்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நூற்றுக்கணக்கில் ஆடியவர்களில் போனது 18 பேர். விமானம் ஏறாதவள் மறுநாள் காலை அதே மைதானத்துக்கு வந்திருப்பாள், அல்லது வராமல் விட்டிருப்பாள். எந்தக் கால்பந்துப் பயணமும் ஊரில் இரண்டு சாதியை உண்டாக்கிவிடும்: போனவர்கள், போகாதவர்கள். போனவர்களே பின்னால் சின்னப் பிள்ளைகளுக்குக் கோச்சாக நின்றது இந்த விரிசலை ஓரளவு ஒட்டியது. முழுக்க ஒட்டியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒருத்திக்கு டிக்கெட், அவள் தங்கைக்கு நடவு என்று ஒரே வீட்டில் நடந்தால் அதை எந்தக் கோச் சரிசெய்வார்?

விதி மாறியது, மறுபடி மாறியது

2016 டிசம்பரில் பாஸ்போர்ட் விதியைத் தளர்த்தினார்கள். 1989-க்குப் பிறகு பிறந்தவர்களும் பிறந்த தேதிக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஆதார், பான் அட்டை போன்றவற்றைக் காட்டலாம் என்றார்கள். மூன்று வருஷம் முன்னால் அது வந்திருந்தால் இந்தப் பிள்ளைகள் பள்ளியில் ஒரு டி.சி. வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அந்த மேசைக்கு முன்னால் யாரும் பெருக்கியிருக்க வேண்டியதில்லை. அதே நேரம், தேதி எழுதிய அரசுக் காகிதம் அந்த வீடுகளுக்குள் வராமலும் போயிருக்கும்.

இப்போது சட்டம் திரும்பவும் பழைய பாதைக்கு வந்திருக்கிறது. 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே. இடையில் ஜார்க்கண்டும் மாறியிருக்கிறது. 2019-21 கணக்கெடுப்பில் மருத்துவமனைப் பிரசவம் நூற்றுக்கு 76 ஆகிவிட்டது. பதினெட்டுக்கு முன் கல்யாணம் 32-க்கு இறங்கியிருக்கிறது. இன்று ஹுட்டுப்பில் பிறக்கும் பெண் குழந்தைக்குப் பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலேயே சீட்டு எழுதிவிடுவார்கள். மீதி 24-ல் ஒருத்திக்கும் ஒருநாள் பதின்மூன்று வயதாகும். பந்து ஆடத் தெரிந்தவளாக இருந்து, எங்கிருந்தோ ஒரு கோப்பைக்கு அழைப்பும் வந்தால், அவள் போய் நிற்க வேண்டியது அதே ஆபீசில்தான்.